திறப்பு விழா முடியாத கடை

மலேசியாவின் ஈப்போவில் என் தங்கையின் கணவர் துணிக்கடை போட்டார். ஜெலாப்பாங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் போட்ட கடை. ஓடாவிட்டால் மறுபடியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அதனால் நல்ல நேரத்தில் திறந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

நேரம் நெருங்கும்போது பக்கத்துக் காப்பிக்கடைத் தௌக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனப் பெரியவர் வந்து மறித்தார். காரணம் ஒரு தூண். அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடையோர நடைபாதையில், அது இரண்டு கடைக்கும் பொது. தன் சாமிக்கு ஊதுபத்தி செருகும் சிவப்புத் தகரப் பெட்டியை அவர் அதில்தான் அடித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை அதே தூணில் குலை தள்ளிய வாழையைக் கட்டிவிட்டார். பெட்டி மரத்துக்குப் பின்னால் மறைந்து போயிற்று.

பெரியவர் பீடோர் எஸ்டேட் பக்கம் தமிழர்களோடு வளர்ந்தவர். தமிழிலேயே திட்டினார், எங்கள் ஊர் 'லா'வும் சேர்த்து.

"என்னா தம்பி, என் சாமி ஒன் தோட்டத்துக்கு வேலைக்கு வந்துச்சா?"

"இன்னைக்கு ஒரு நாள்தான் தௌக்கே. நாளைக்கு எடுத்துடுறேன்."

"ஒரு நாள் பட்டினி போட்டா சும்மா இருக்குமா லா?"

பூசைக்கு வந்த ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பத்திரிகைக்காரன், பார்ப்பதோடு சரி. கடைசியில் பெரியவரே ஊதுபத்தியைக் கொளுத்தி வாழை மரத்தில் குத்தினார்.

"நீங்க பழத்துல குத்துறீங்க. நான் மரத்துல குத்துறேன்."

நல்ல நேரத்துக்குள் கடை திறந்தது.

மறுநாள் மாப்பிள்ளை கத்தியோடு வந்தார். பெரியவர் விடவில்லை. ஊதுபத்தி ஏற்றிய மரத்தைச் சாமியிடம் கேட்காமல் வெட்டக்கூடாதாம். பிறை வடிவக் கட்டைகள் இரண்டை உருட்டிப் போட்டுக் கேட்டார். "வேணாங்குது லா." அடுத்த வாரமும் கேட்டார். சாமி மனம் மாறவில்லை. மரம் காய்ந்ததும் தன் செலவில் புது வாழை கட்டினார். ஒரு பக்கம் மட்டும் பச்சையாக இருந்தால் அசிங்கம் என்று மறு பக்கத்துக்கும் சேர்த்து.

இதனால் மாப்பிள்ளையின் கடை எந்நாளும் அன்று காலைதான் திறந்ததுபோல நின்றது. வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அண்ணே, திறப்பு விழாக் கழிவு எவ்வளவு?" முதலில் சண்டை போட்டார். பிறகு விலையில் கழிவு கொடுத்தார். கூட்டம் பிடித்துக்கொண்டது. இப்போது மரம் வாடினால் முதலில் பதறுவது அவர்தான்.

போன மாதம் எதிர்ப்பக்கம் பங்களாதேஷ்காரர் ஒருவர் கைப்பேசிக் கடை திறந்தார். வாசலில் இரண்டு வாழை, குலையோடு. திறந்து பல நாளாகியும் அவற்றை அவிழ்க்கவில்லை. வாடியதை எடுத்துவிட்டுப் புதிது கட்டினார். இனி நம் கடை எப்படித் தனியாகத் தெரியும் என்று மாப்பிள்ளைக்கு ஆத்திரம். என்னையும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். வாழை எதற்கு என்று மலாயில் கேட்டார்.

அந்த மனிதர் முகம் வெளிறிப் போயிற்று.

"ரெண்டு போதாதா, அண்ணே? இந்த ரோட்டுக்கு எத்தனை மரம் கட்டணும்னு மாநகர் மன்றத்துல சொல்லியிருக்காங்க?"