விடை சொல்லாத செல்வராணி

அங்கன்வாடியில் மதியச் சோற்றுக்கு உலை வைத்திருந்தபோது மாரிச்சாமியின் போன் வந்தது. "அக்கா, ராணி போயிட்டா" என்றார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்துவிடுமோ என்று சில வாரங்களாகவே பயந்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்த பிறகுதான் என்னால் அழ முடிந்தது.

மாரிச்சாமியின் மனைவி செல்வராணியை உங்களில் பலருக்குத் தெரியும். சிவகாசிப் பக்கம், எங்களுக்கு அடுத்த ஊர் அங்கன்வாடியில் டீச்சர். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில் வீடு வீடாகப் போவாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, வீட்டில் கிடப்பதைக் கொண்டே விளையாடச் செய்வாள். பழைய காலண்டர் படத்தை வெட்டிக் கலைத்து, பொருத்தச் சொல்வாள். அடுக்களைப் பாத்திரங்களுக்கு மூடி தேடச் சொல்வாள்.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். மகள் தப்பான மூடியை வைப்பதைப் பொறுக்காமல் ஒரு தாய் கையை நீட்டினாள். செல்வராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "விடையச் சொல்லிராதீக மதினி. அவ யோசிக்கிற மொகத்த என்னைக்காச்சும் பாத்திருக்கீகளா?" என்றாள். களைத்துப்போய் வந்திருந்த அந்தத் தாய் அப்புறம் மூடியைப் பார்க்கவே இல்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகன் வீட்டுக்குப் போனதுதான் என்னால் மறக்க முடியாதது. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். நான்கு வயது மகள் தேனு அதன்பிறகு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவரும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். செல்வராணி ஒரு பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள்.

"கைய உள்ள விடக் கூடாது, கட்டிலையும் நகட்டக் கூடாது. ரெண்டு பேருமாச் சேந்து எடுங்க."

"இப்ப வெளையாட்டா டீச்சர்?" என்றார் முருகன். குரலில் கோபம் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வெகுநேரம் கழித்துத் தேனு துடைப்பத்தை எடுத்து வந்து துழாவினாள். பந்து இன்னும் உள்ளே போனது. சற்று யோசித்தவள், கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை இழுத்து வந்து, ஒரு நுனியைத் துடைப்பத்தால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "அப்பா, அங்கிட்டுப் பிடி" என்றாள்.

முருகன் எழுந்துபோய்ப் பிடித்தார். ஆளுக்கொரு பக்கமாகச் சேலையை இழுத்துக்கொண்டு கால்மாட்டுக்கு நடந்தார்கள். பந்து உருண்டு வெளியே வந்தது. அவர் சேலையில் முகத்தைப் புதைத்துக் கதறினார். தேனு அவர் தலையைத் தடவி, "அழாதப்பா, வந்துருச்சுல்ல" என்றாள்.

திரும்பும் வழியில், "சேலைய எடுப்பான்னு நெனச்சியா?" என்று கேட்டேன். "இல்லக்கா. எனக்கே விடை தெரியாது. தெரிஞ்சிருந்தா நடுவுல வாயத் தொறந்திருப்பேன்" என்றாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மிகவும் இளைத்திருந்தாள். ஆறு வயது மகன் சரவணன் வீட்டிலிருந்து போனில் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறானாம்: அம்மா எப்ப வரும்?

"இத மட்டும் எனக்கு வெளையாட்டாக்கத் தெரியலக்கா" என்றாள். பிறகு என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "அவன் கேட்டா பொய் சொல்லிராதீக. கூட உக்காந்திருங்க, போதும்" என்றாள்.

காரியம் முடிந்த மறுநாள் சரவணன் என்னிடம் வந்தான்.

"அம்மா இனிமே வராதா பெரியம்மா?"

ஊருக்குப் போயிருக்கு, சாமிகிட்ட இருக்கு என்று எத்தனையோ பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன.

"வராதுய்யா" என்றேன்.

அவன் அழவில்லை. என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டான். இருட்டும் வரை நான் எழுந்திருக்கவில்லை. செல்வராணி எனக்கென்று விட்டுப்போனது, எழுந்துவிடாமல் அப்படி உட்கார்ந்திருக்கும் தைரியம்தான்.