பனியனைப் பிடித்த நூலகக் கதவு

நூலகர் உத்தியோகம் என்பது "சத்தம் போடாதே" என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குவது. எங்கள் திருப்பூர் பல்கலைக்கழக நூலகத்தில் வாசல் கதவே கத்த ஆரம்பித்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? என்னைப் போல் புதுக் கருவியிடம் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, நீங்களே சொல்லுங்கள்.

ஒட்டிய கை

திருட்டைத் தடுக்க வாசலில் வைத்த புதுக் கதவுக்காக ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு ரேடியோ லேபிள் ஒட்ட வேண்டும். பதிவு செய்யாமல் புத்தகத்தை வெளியே கொண்டுபோனால் கதவு கத்தும். உதவியாளர் மணியக்கா முன்பு பனியன் கம்பெனி பேக்கிங்கில் இருந்தவர். நான் பத்து ஒட்டுவதற்குள் அவர் நாற்பது ஒட்டினார்.

அடுக்கி வைத்துப் பார்த்தால் பத்தில் மூன்றைத்தான் லேபிள் படிக்கும் கருவி படித்தது. எல்லா லேபிளும் அச்சுப்பிசகாமல் ஒரே இடத்தில், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருந்தன. இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டுமாம். சொன்னதும் மணியக்கா பதறிவிட்டார்.

"ஏனுங்க சார், அரை இஞ்ச் தள்ளி ஒட்டுனா எங்க கம்பெனில ரிஜெக்ட்டுங்க!"

கத்திய கதவு

முதல் வாரமே மாணவி முத்துலட்சுமி மாட்டினாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் வெளியே போனால் கதவு கத்தியது. பையில் சாப்பாட்டு டப்பாவும் குடையும்தான். மறுநாளும் அதே கதை.

மூன்று முறை கத்தினால் நூலக அட்டை ரத்து. அந்த விதியை எழுதிய மகானுபாவன் நான்தான். பத்து நாளில் பரீட்சை, அவளுக்கோ நூலகத்தை விட்டால் வேறு புத்தகம் கிடையாது. மூன்றாம் முறையும் கத்தியபோது வரிசையே அவளைத் திரும்பிப் பார்த்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

"நான் எதையும் எடுக்கல சார். எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க."

கிடைத்த களவு

மணியக்கா பையைத் தொடவே இல்லை. அவள் போட்டிருந்த டீ ஷர்ட்டின் பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு துண்டு லேபிள். வெளிநாட்டுக்காரன் கேட்டான் என்று ஒவ்வொரு உருப்படியிலும் கம்பெனி தைத்த ரேடியோ லேபிள்! அம்மா கம்பெனியில் குறை என்று கழித்த செகண்ட்ஸை மகள் போட்டு வந்திருக்கிறாள். எங்கள் கதவுக்குப் புத்தகம் எது, பனியன் எது என்று தெரியவில்லை.

கத்தரியால் ஒரே வெட்டு. முத்துலட்சுமி கதவைத் தாண்டினாள், சத்தமே இல்லை. வரிசை கை தட்டியது, நூலகம் என்பதையும் மறந்து நானும் தட்டினேன். ரத்துப் பட்டியலில் அவள் பேரை அடித்தேன், கூடவே விதியையும் அடித்தேன். மணியக்காவுக்கு மட்டும் ஆறவில்லை.

"இந்தப் புள்ளய உடுங்க சார், லேபிள வெட்டாம உட்டவங்களப் புடிக்கோணுமுங்க!"

என் முறை

அந்த ஞாயிற்றுக்கிழமை, செகண்ட்ஸ் பனியன் குவித்து விற்கும் காதர்பேட்டையில் மலிவாக ஒரு டீ ஷர்ட் வாங்கினேன். திங்கட்கிழமை மிடுக்காகப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினேன். கதவு ஊரைக் கூட்டியது. பின்னால் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? முத்துலட்சுமியேதான்.

"பயப்படாதீங்க சார், பையத் திறந்து காட்டிட்டுப் போங்க."

திருடனைப் பிடிக்க வாங்கிய கதவு இதுவரை ஒரு திருடனையும் பிடிக்கவில்லை, பல்கலைக்கழகத்தில் யார் யார் செகண்ட்ஸ் பனியன் போடுகிறோம் என்பதை மட்டும் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டது.