பொந்தும் கயிறும்

மழை விழுந்து பாத்தி கரைந்துவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. எழுபதுகளில் அப்படி ஒரு மழைக்காலம். வானூர் பக்கம் சர்வே வேலைக்கு நானும் என் மனைவியின் அண்ணனும் போனோம். அங்கே பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை. அதற்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் ஆபீசர் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்ததும் பாறையில் ஒரு பொந்து தெரிந்தது. ஆள் தவழலாம். எவ்வளவு தூரம் என்று டேப் பிடிக்க வேண்டும். நான்தான் ஒல்லி. மச்சான் என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே பிடித்துக்கொண்டான்.

பொந்து உள்ளே மேட்டுக்கு ஏறியது. கொஞ்ச தூரம் போயிருப்பேன். மோட்டார் நின்றது.

"யோவ் மாப்ள, கரண்ட் போச்சு! வெளிய வாய்யா!"

திரும்ப இடமில்லை. பின்பக்கமாகவே நகர்ந்தேன். காலில் தண்ணீர் பட்டது. கிணறு ஊறிப் பொந்தின் வாயை மூடிவிட்டது. மச்சான் குரல் அதோடு நின்றது. கையிலிருந்த டார்ச்சும் நழுவித் தண்ணீரில் விழுந்து அணைந்தது.

மூச்சுவிடக் காற்று இருந்தது. அசையாமல் கிடந்தால் பிழைக்கலாம் என்று தோன்றியது. அப்போது மச்சான் இழுத்தான். இழுக்க இழுக்க நான் தண்ணீருக்குள் போனேன். பாதியில் கயிறு பாறை இடுக்கில் மாட்டி என்னைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டது. கத்தினேன். எனக்கு மட்டும் கேட்டது. அவன் போட்ட முடிச்சு, நல்ல முடிச்சு. நகம் பெயர்ந்த பிறகுதான் அவிழ்ந்தது. என் பாரம் விட்டதும் கயிறு இடுக்கிலிருந்து நழுவிப் போய்விட்டது.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. உட்காரவும் முடியாது, புரளவும் முடியாது. தண்ணீர் நெஞ்சுவரை வந்து நின்றது. வாயில் பட்டது இனித்தது. எங்கள் ஊரில் அப்படித் தண்ணீர் இல்லை.

பாறை அதிர்ந்தது. மோட்டார். தண்ணீர் இறங்கியது. தவழ்ந்து வெளியே வந்தேன்.

மச்சான் ஈரக்கயிற்றை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தான். "ஏன்யா அவுத்த? வெறுங்கயிறு வந்துச்சு. தங்கச்சிக்கு இன்னா சொல்றது நானு?"

"நீ இழுத்தியே. அதான்."

ஆபீசர் கேட்டார். "எவ்வளவு தூரம் போகுது?"

"தெரியலைங்க. டேப்பு உள்ள இருக்குது."

அவர் படத்தை மடித்தார். உப்பளம் திறக்கத் தை ஆகும். வேறு வேலை ஏது?

"ஆயில் இன்ஜின் வெச்சா நாளைக்குப் போறேங்க" என்றேன்.

வைத்தார்கள். காலையில் மச்சான் கயிற்றோடு வந்தான். வேண்டாம் என்றேன்.

"அப்போ நான் எதுக்குய்யா?"

"இன்ஜினாண்ட ஒக்காரு. டீசல் தீந்துடப் போவுது."