சம்பளமல்ல, உதவித்தொகை

இன்று குன்னூரில் வரிக்கணக்கு எழுதித் தருபவர், என் ஆராய்ச்சி உதவித்தொகையைச் சம்பளம் என்று பதிந்துவிட்டார்.

"ஏனுங்க, மாசாமாசம் பேங்க்ல விழுதில்லீங்க? அப்பச் சம்பளந்தானுங்க."

"இல்லீங்க. படிப்புச் செலவுக்குத் தர்றதுங்க. இதுக்கு வரி கிடையாது. வரிவிலக்குன்னு போடுங்க. மாத்துற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு போட்டுக் கூட வந்திருந்த அம்மா குறுக்கே புகுந்தார்: "சம்பளந்தாங்க சார். என் பொண்ணு வேலைக்குப் போறா."

அரை மணி நேரம் இருவரோடும் மல்லுக்கட்டினேன். பல்கலைக்கழகக் கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் படிவத்தைத் திருத்தினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "உனக்குச் சம்பளம் வருதுன்னு எஸ்டேட் லைன் வீடு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே, அதை யாரு திருத்துறது?"

அதற்கு எந்தப் படிவம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.