மூட்டத்தில் வைத்த கை

முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற எவரிடம் வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சீமைக்கருவைத் தூர் தோண்டிக் கூலி வாங்கினவன், பிற்பாடு ஒரே நேரத்தில் பதினோரு மூட்டங்களைப் புகைய வைத்தேன். கட்டையை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசித் தீ வைப்பதை யாரும் செய்வார்கள். உள்ளே வெந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஒரு நாள் முந்தினால் அரைவேக்காடு, பிந்தினால் சாம்பல். நான் மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்துச் சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

என் வீட்டுக்காரி இறந்து நாலு மாதம் ஆகிறது. நான் அழவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், மூட்டத்துக்குப் போய்வந்தேன். திருப்பூரில் இருக்கும் மகள் இதைப் பார்த்துப் பயந்துபோய், ராமேஸ்வரத்தில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். வேறு சமயமாக இருந்தால் வரமாட்டேன் என்றிருப்பேன். அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் சரி என்றேன்.

என் சொந்தக் காரில்தான் போனோம். பாம்பன் பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தண்ணீர் பச்சையாக இருந்தது. அழகு என்று தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. கோயிலுக்குப் போனோம், தீர்த்தம் ஆடினோம். இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரும் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றும் ஒரு ருசி, ஒரு குளிர்ச்சி என்றாள் மகள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் துடுப்புப் படகுக்குக் கூட்டிப்போனாள். ரெண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து தாமே வலிக்கிற படகு. தென்கடலில் காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. வடகடலோ கண்மாய் மாதிரிக் கிடந்தது. படகுக்காரர் மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, நீச்சல் தெரியுமா பெரியவரே என்று கேட்டார். எங்கள் கண்மாயை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தினவன் என்றேன்.

"அந்த நீச்சலெல்லாம் இங்கன வேணாம். கவுந்தா எந்திரிச்சு நில்லுங்க. இடுப்பளவுதான் தண்ணி."

மகள் சிரித்தாள். நாலு மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். கரையோரத்தில் அடர்ந்து நின்ற அலையாத்தி மரத்தைக் காட்டி, இது கரிக்கு ஆகுமா என்று கேட்டேன். அதில் கை வைத்தால் கேஸ் போட்டுவிடுவார்கள் என்றார் அவர்.

முன்னால் மகள், பின்னால் நான். கொஞ்ச தூரம் போனதும் அடியில் கடற்புல் ஆடுவது தெரிந்தது. அவள் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே, மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் சில்லென்றும் இருக்கிறது, நீங்களும் கையை விட்டுப் பாருங்கள் என்றாள். விட்டேன். ஈரம் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

ஆமாம் தாயி என்று சொல்லிவிடப் போனேன். இத்தனை வருசமாக அப்படித்தானே சொல்லிவந்தேன். நாற்பது வருசம் சூட்டில் காய்த்த கை இது. அதில் சூடு உறைப்பது எப்போதோ நின்றுபோயிற்று. மூட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு புகையைத்தான் பார்ப்பேன். வெள்ளைப் புகை நீலமாக மாறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்கள் என் கையைப் பார்த்து வியந்தார்கள். வியக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். என் வீட்டுக்காரி உடம்பு சரியில்லை என்று படுத்த அன்றைக்கும் நெற்றியில் இந்தக் கையைத்தான் வைத்தேன். மனுசியின் நெற்றியில் புகை வராது. காய்ச்சல் இல்லை, அசதிதான் என்றேன். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ஏன் நேற்றே வரவில்லை என்று டாக்டர் கேட்டார்.

மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆத்தாளுக்கு மொத நாளே காய்ச்சல் இருந்துருக்கு தாயி. எனக்குத்தான் கையில தெரியல. எதுவுமே தெரியிறதில்ல, ரொம்ப வருசமா."

அவள் துடுப்பு போடுவதை நிறுத்திவிட்டாள். திரும்பவில்லை. படகு அதன் போக்கில் நகர்ந்தது. கொக்கு ஒன்று எழுந்து பறந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தது.

"போன்ல நாந்தான அய்யா கைய வச்சுப் பாக்கச் சொன்னேன்," என்றாள். "காய்ச்சல் பாக்குற குச்சி அலமாரியில இருந்துச்சு. நாந்தான் வாங்கி வச்சேன். அத எடுங்கன்னு சொல்லத் தோணல எனக்கு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்கும் வரவில்லை போலிருக்கிறது. படகு மணல்திட்டில் தட்டி நின்றது. ரெண்டு பேரும் இறங்கினோம். முழங்கால்கூட நனையவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆழம் வரைக்கும் இழுத்துப் போய் ஏறிக்கொண்டோம். கரைக்கு வலித்தோம்.

கரையில் டீக்கடை இருந்தது. எப்போதும் கொதிக்கக் கொதிக்க வாங்கிக் கண்ணாடித் தம்ளரை உள்ளங்கையில் வைத்துப் பிடிப்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். மகள் என் தம்ளரைத் தான் வாங்கி, நுனிவிரலால் தொட்டுப் பார்த்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"சூடா இருக்கு அய்யா. நான் சொல்றப்ப எடுங்க."

அவள் சொல்லும் வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.