அம்மன் ஏறுன வண்டிக்கு எவ்வளவு காத்து

செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல புள்ள. இந்த லயத்து வீட்டு வரிசையில கடைசி காம்பராக்காரிதான் சொல்லியிருப்பா, வேற யாரு சொல்லப் போறா. “விடியக்காலையில கெழவி மவன் வண்டிகிட்ட குந்திக்கிட்டு டயருக்கு மாவு பூசுது, பொட்டு வைக்குது, மருமகள வசியம் பண்ணுது”ன்னு. மருமகள வசியம் பண்ணணும்னா நான் எதுக்கு டயர்கிட்ட போறேன்? நீ உள்ள வா. அந்த ஸ்டூல்ல ஒக்காரு. ஒரு காலு ஆடும், பாத்து. பிளேன்டீ ஊத்துறேன். கொஸ்லந்தையில இருந்து கட்டிக்கிட்டு வந்து மூணு மாசந்தான ஆவுது, ஒனக்கு இந்தக் கத தெரியாது. கேட்டுக்கிட்டு அவகிட்ட போயி அப்படியே சொல்லு.

எங்க சின்னவன் ஓட்டுறது கெப் வண்டி. முன்னுக்கு ஆளுங்க, பின்னுக்குத் தொறந்த தொட்டி. லீக்ஸு, கரட்டுன்னு ஏத்திக்கிட்டு பண்டாரவளை சந்தைக்குப் போவான். நம்ம தோட்டத்து ரோட்டுல கல்லெல்லாம் தலைய நீட்டிக்கிட்டுல்ல கெடக்கு. வண்டி வயித்துல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால போன வருசம் பழைய டயர கழட்டிட்டு பெருசா நாலு டயர் மாட்டுனான். ஒவ்வொண்ணும் ஆட்டாங்கல்லு கணக்கா இருக்கும். வண்டி ஒரு சாண் ஒசந்துருச்சு. நான் ஏறணும்னா நீ ஒக்காந்திருக்கிற ஸ்டூலத்தான் தூக்கிக்கிட்டுப் போவணும். அந்தக் காலு அப்படித்தான் ஆட ஆரம்பிச்சுச்சு.

மாட்டுன மறுநா புடிச்சு வண்டி ஓடல புள்ள, குதிக்குது. கயித்த அவுத்துவிட்ட கெடாக்குட்டி மாதிரி. அப்புத்தளைக்குப் போயி வாரதுக்குள்ள என் பல்லு செட்டு ரெண்டு தடவ கழண்டு மடியில விழுந்துச்சு. “ஏண்டா, பழைய டயர்ல இப்படி இல்லையே”ன்னு கேட்டா, “புது டயரும்மா, பழகணும்”ங்கிறான். டயரு பழகணுமா, நான் பழகணுமான்னு சொல்லல.

பழகியிருப்பேன். ஆனா எனக்கு ஒரு வேண்டுதல் இருந்துச்சு. அதுக்கு முந்துன மழைக்காலத்துல, அப்புத்தளை வளைவுல, மூடுபனியில ஒண்ணும் தெரியாம இவன் வண்டி பள்ளத்துப் பக்கம் சறுக்கிப் போயி ஒரு மரத்துல சாஞ்சு நின்னுச்சு. மரம் இல்லேன்னா மவன் இல்ல. சேதி கேட்டு நான் கோயிலுக்கு ஓடுனேன். “ஆத்தா, எம் புள்ளைய திருப்பிக் குடுத்துட்ட. வர்ற திருவிழாவுக்கு நீ இந்த வண்டியிலதான் ஊர்வலம் போவ”ன்னு சொல்லிட்டேன். மனசுக்குள்ள சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் மெதுவா பேச வராதே, லயத்துக்கே கேட்டுருச்சு.

நம்ம தோட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. அம்மன சொமக்கப் போற வண்டி மொதல்ல ஒரு கொடம் தண்ணிய சொமந்து காட்டணும். ஆத்தோரத்துல கொடத்துல கழுத்தளவு தண்ணி ஊத்தி, தொட்டியில வச்சு, யாரும் கை வைக்காம கோயில் வரைக்கும் கொண்டாரணும். தளும்பி வெளிய சிந்துனா அந்த வண்டிக்கு அம்மன் இல்ல. ரெண்டு தடவ பாக்கலாம். மூணாவது கெடையாது.

மொத தடவ நாங்க கோயிலுக்கு வந்து சேந்தப்ப கொடம் படுத்துக் கெடக்கு. உள்ள ஒரு காக்கா குடிக்கிற அளவுக்குத் தண்ணி. கோயில் தலைவரு எட்டிப் பாத்துட்டு, “கொடம் வந்துருச்சு, தண்ணி பின்னால நடந்து வருது போல”ங்கிறாரு. நம்ம தோட்டத்து மேல் டிவிஷன்ல லொறி வச்சிருக்காரே ஒருத்தரு, அவரு இத்தன வருசமா அம்மன ஏத்துனவரு. அவரு கைய கட்டிக்கிட்டு நின்னாரு. “அக்கா, நம்ம லொறி இருக்கு, கவலப்படாதீங்க. ஒங்க வண்டியில ஏத்துனா ஆத்தா பாதி வழியில எறங்கி நடந்துருவா.”

நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில ஒக்காந்து அழுதேன். மருமக, “அழுவாதீங்க அத்தை, ஆத்தா கோவிக்க மாட்டா”ன்னா. ஆத்தா கோவிக்காட்டியும், அந்த லொறிக்காரரு சிரிப்ப எப்படித் தாங்குறது?

சரி, கண்ணேறுதான்னு நெனச்சு வெள்ளிக்கெழம வண்டிக்குப் பூச பண்ணுனேன். எல்லாரும் வண்டி மூஞ்சிக்குத்தான் விபூதி வைப்பாங்க. கோளாறு டயர்லதான இருக்குன்னு நான் ரோட்டுல படுற எடத்துல, குறுக்கால, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒவ்வொரு டயருக்கும் மூணு பட்டை போட்டேன். மவன் தேயிலை பேக்டரி முத்தத்து சிமெந்துத் தரையில நேரா ஓட்டிட்டு வந்து நிப்பாட்டுனான். குனிஞ்சு பாக்குறேன், நடுவுல மட்டும் விபூதி அழிஞ்சிருக்கு. ரெண்டு ஓரத்துலயும் வச்சது வச்சபடி வெள்ளையா நிக்குது. நாலு டயர்லயும் அப்படித்தான். திரும்பவும் பூசுனேன், ஓட்டச் சொன்னேன். திரும்பவும் அதேதான்.

நான் முப்பது வருசம் கொழுந்து பறிச்சவ புள்ள. கொழுந்துச் சாக்க அளவா கட்டுனா தரையில பாந்தமா ஒக்காரும். அமுக்கித் திணிச்சா வயித்தால நிக்கும், உருண்டுக்கிட்டே இருக்கும். இந்த டயரும் பாதம் பதிக்காம வயித்தால நிக்குது. “டேய், காத்து கூடடா”ன்னேன்.

அவனுக்கு வந்துச்சே கோவம். என் வெரல புடிச்சு டயர் ஓரத்துல பொடைச்சுக்கிட்டு இருக்கிற எழுத்து மேல வச்சுத் தேய்க்கிறான். “இந்தா பாரும்மா, டயர்லயே எழுதியிருக்கு, அம்பது. அம்பதுதான் அடிச்சிருக்கேன். பழைய டயருக்கு முப்பத்தஞ்சு. இது பெருசுல்ல, கூட வேணாமா?”

“எனக்கு எழுத்துத் தெரியாதுப்பா. விபூதி தெரியும்”னேன்.

ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டே பண்டாரவளைக்கு டயர் கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானாகிட்ட போனோம். எல்லாத்தையும் கேட்டாரு. மொதல்ல அவன பாத்தாரு. “தம்பி, அது டயர் தாங்குற உச்சம். அதுக்கு மேல போவாதன்னு எழுதியிருக்கு. அவ்வளவு போடுன்னு எழுதல. டயர் பெருசானா உள்ள காத்துக்கு எடம் கூட. அதே பாரத்த கொறஞ்ச காத்துலயே தூக்கிக்கும். பழைய முப்பத்தஞ்சுல ஆரம்பிச்சு, கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சுப் பாருங்க. லீக்ஸ் ஏத்துற அன்னைக்குப் பின் டயருக்குக் கொஞ்சம் கூட்டுங்க. காலையில வண்டி ஓட முந்தி பாக்கணும். ஓடுனா டயர் சூடாயிரும், சூட்டுல காத்து பொங்கி அளவு பொய் சொல்லும்.” அப்புறம் எம் பக்கம் திரும்பி, “அம்மா, ஒங்க விபூதி வேலைய நாங்க சோக்குல கோடு போட்டுப் பாப்போம்”னாரு.

மவன் மொகத்த நீ பாத்திருக்கணும். வேகவச்ச பீட்ரூட்டு.

வீட்டுக்கு வந்து தெனமும் காலையில அதே வேல. விபூதிய டயருக்கு அடியில போட்டு மிதிச்சதே பாவம்னு பூசாரி சொன்னதால ரொட்டி மாவுக்கு மாறுனேன். மருமக சுண்டக் கொழச்சுக் குடுப்பா. முப்பத்தஞ்சுலயும் நடுவுதான் அழிஞ்சுச்சு. மவனுக்குப் பொறுமை ஏது? புஸ்ஸுன்னு தொறந்து விட்டான். இப்ப ஓரம் ரெண்டும் அழிஞ்சு நடுவுல மாவு நிக்குது. வளைவுல திருப்புனா சேத்துல எரும திரும்புற மாதிரி மொனகுது. “வயித்த கொறைக்கச் சொன்னா பட்டினி போடுறியேடா”ன்னேன். திரும்ப அடிச்சு, கொறைச்சு, அடிச்சு, நாலாம் நாளு மாவு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒண்ணுபோல அழிஞ்சுச்சு. நான் சிமெந்துலயே ஒக்காந்துட்டேன்.

மவன் காத்து பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கி வந்திருந்தான். முள்ளு ஓடுமே, அது. எனக்கு நம்பர் தெரியாது. மருமக பொட்டு அட்டையில இருந்து ஒரு செவப்புப் பொட்டு எடுத்து, முள்ளு நின்ன எடத்துல கண்ணாடி மேல ஒட்டிட்டேன். அது வெறும் வண்டிக்கு. லீக்ஸ் லோடுக்கு, பின் டயருக்கு, பச்சைப் பொட்டு. கடைசி காம்பராக்காரி சொன்ன பொட்டு இதுதான்.

ரெண்டாவது தடவ கொடம் வச்ச அன்னைக்கு நான் முன் சீட்டுல. பல்லு செட்ட கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன், கண்ண மூடிக்கிட்டேன். பாலத்துக்கிட்ட ஒரு பெரிய கல்லு இருக்குல்ல, அதுல ஏறுனப்ப உசிரு போயி வந்துச்சு. கோயில்ல வண்டி நின்னுச்சு. தலைவரு தொட்டியில ஏறி, கொடத்த சுத்திக் கைய வச்சுத் தடவிப் பாக்குறாரு. கைய எல்லாருக்கும் விரிச்சுக் காட்டுனாரு. காஞ்ச கை.

லொறிக்காரரு கிட்ட வந்து, “அக்கா, தண்ணிய கொழம்பு மாதிரி காய்ச்சி ஊத்துனீங்களா?”ங்கிறாரு. பல்லு இல்லாமலே சிரிச்சேன்.

திருவிழா அன்னைக்கு ஆத்தா, வெளக்கு, மேளம், பூசாரி எல்லாரும் ஏறுனாங்க. பின்னுக்குக் கொஞ்சம் காத்து கூட்டச் சொன்னேன். “ஆத்தா அவ்வளவு பாரமாம்மா?”ன்னு மவன் கேட்டான். ஆத்தா பாரமில்லடா, பூசாரிதான் பாரம்னேன். ஆத்தா நகராம, சாயாம, செல போலவே போனா. செலதான, ஆனாலும் சொல்றேன். அதுக்கும் ஒரு மஞ்சப் பொட்டு அந்த மீட்டர்ல இருக்கு, பூசாரி எடைக்கு ஒட்டுனது. இந்த வருசம் அவரு இன்னுங் கொஞ்சம் பெருத்திருக்காரு, பொட்ட நகத்தணும்.

இரு, சாவி சத்தம் கேக்குது. நேத்து சாயங்காலமே லீக்ஸ் ஏத்தி வச்சுட்டான். டேய், வண்டிய எடுத்துராத, டயர் சூடாயிரும், நான் இன்னும் பாக்கல. புள்ள, கொஞ்சம் எந்திரி, மீட்டர் அந்த ஸ்டூலுக்கு அடியிலதான் இருக்கு. ஸ்டூலயும் குடு, குந்த முட்டி வலிக்குது. நீ டீய நின்னுக்கிட்டே குடி.