ஆடாத மூங்கில் கழி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கிணறு வெட்டிச் சேர்த்த காசில் ஆலங்குடிப் பக்கம் பொட்டல் வாங்கி, என் கையாலேயே குளம் வெட்டி, கட்லா மீனும் ரோகு மீனும் வளர்க்கிறேன். மருந்துக் கடைக்காரருக்கு என் குளத்தில் வேலை இல்லை. கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் ஊறவைத்து, பூண்டும் மஞ்சளும் அரைத்துப் பிசைந்து, ஓட்டை போட்ட பையில் கட்டி, குளத்தில் நட்ட மூங்கில் கழியிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிடுவேன். என் மீன் உடம்பில் ஒரு புண் பார்க்க முடியாது. அளவு கேட்டு வருகிறவர்களிடம், "அளவெல்லாம் கெடையாதுங்க, என் மூக்குதான் அளவு" என்பேன். அது உண்மையும்கூட.

உண்மையாக இருந்தது. போன வருடக் காய்ச்சலில் மோப்பம் போய்விட்டது. மல்லிகையும் சாணமும் எனக்கு ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. பிசைந்ததை மூக்கருகே கொண்டுபோய்த் தலையை மட்டும் ஆட்டிவைப்பேன்.

மீன் பிடிக்க ஒரு மாதம் இருக்கும். அடைமழை விட்ட காலையில் கரைக்குப் போனேன். மீன் பையை முட்டித் தின்றால் மூங்கில் கழி நடுங்கிக்கொண்டே இருக்கும். அன்று அசைவே இல்லை. கரையோரம் இரண்டு கட்லா வயிற்றைக் காட்டி மிதந்தன.

பூண்டு கூடிவிட்டதா, நோயா? பையைத் தூக்கி மூக்கில் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இப்படியே விட்டால் குளம் முழுக்கப் போய்விடும்.

டீ கொண்டுவந்த மருமகள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"என்னங்க மாமா, பூண்டு வாடைய மீறி நாறுது! பூசணம் புடிச்ச புண்ணாக்குல்ல!"

"இல்லத்தா, நேத்துதான் மோந்து பாத்தேன்."

"எந்த மூக்கால பாத்தீங்க? ஊருக்கே அளவு சொல்ற மூக்காலயா?"

குளத்தைப் பார்த்தேன். மூன்றாவது மீன் புரண்டது.

"எனக்கு மோப்பம் இல்லத்தா. காய்ச்சலோட போயிருச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அங்கிட்டு இருக்க பையையும் தூக்குங்க. நான் மோட்டாரப் போடுறேன்" என்று ஓடினாள்.

மழையில் நனைந்து பூசணம் பிடித்திருந்த புண்ணாக்கு மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தோம். புதுத் தண்ணீர் விட்டோம். இரண்டு நாள் தீனி போடவில்லை. நான் கரையைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நுரை மிதந்தாலும் மீன் வயிறாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் புதுப் புண்ணாக்கை அவளே மோந்து, பிசைந்து, பையைக் கட்டினாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஆடுதாத்தா?"

"இருங்க மாமா."

அந்தக் கொஞ்ச நேரத்தில் பட்ட மாதிரி ஒரு பயம் கிணற்றுக்குள் வெடி வைத்த நாளிலும் நான் பட்டதில்லை.

"லேசா ஆடுது."

இப்போதும் பூண்டும் மஞ்சளும் என் கைப்பக்குவம்தான். அதில் என்னை ஒருவரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் பிசைந்த சட்டியை அவள் மூக்கருகே நீட்டிவிட்டு, அவள் வாய் திறக்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.